நூல் முறுக்கேறினால், டிராக் திக்கினால், கைபிடி பின்னால் சுழன்றால்: ஸ்பின்னிங் ரீலுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் தூண்டில் போடுகிறவர்களிற் பெரும்பாலானோரிடம், தடியிற் பூட்டி நூலைச் சுற்றும் ஸ்பின்னிங் ரீல் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றே ஒருநாள் வட்டுவாகல் பக்கமாக நந்திக்கடலின் உவர்நீரில் கொடுவாவுக்கும், இன்னொரு நாள் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு போன்ற குளங்களில் விராலுக்கும் போகும்; இடையில் முல்லைத்தீவுக் கடற்கரை மணலிலும் சாய்ந்து கிடக்கும். உப்பு, மணல், குளத்துச் சேறு, கோடைப் புழுதி ஆகிய நான்கையும் ஒரே ரீல் தாங்க வேண்டியிருப்பதால், கடலில் மட்டும் அல்லது குளத்தில் மட்டும் பாவிக்கப்படும் ரீலைவிட அது விரைவில் சிணுங்கத் தொடங்கும். உதிரிப்பாகம் தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சொல்லி எடுப்பிக்க வேண்டும். கழற்றும்போது ஒரு சிறு ஸ்பிரிங் தெறித்துப் புல்லுக்குள் விழுந்தால் ரீலே மூலையிற் கிடக்கும்.

ஆகவே பழுது பார்ப்பதில் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பது அவசியம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: முதலில் நூல், பின்னர் நூல் திரும்பும் உருளை, பெயில் கம்பி (நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றவைக்கும் வளைகம்பி), ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருள்), டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் உராய்வு அமைப்பு), இவை ஐந்தும் சரியென்று உறுதியான பின்னரே ரீலின் உடல்மூடியிற் கை வைக்க வேண்டும். "அண்ணை, றீல் பழுதாப் போச்சு" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் ரீல்களில் அநேகமானவற்றின் பல்சக்கரங்கள் நன்றாகவே இருக்கின்றன. குறை நூலிலோ, நூலைச் சுற்றிய விதத்திலோ, சுற்றிய கையிலோ இருக்கிறது.

இந்த ஒழுங்கின் காரணம் விளங்க, ரீல் இயங்கும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். நெசவாலைத் தொழிலில் இருந்த அல்ஃபிரெட் இலிங்வேர்த் என்ற ஆங்கிலேயர் 1905இல் காப்புரிமை பெற்ற நிலையான ஸ்பூல் முறையே இன்றைய ஸ்பின்னிங் ரீலின் அடிப்படையாகும். நூலைச் சுற்றும்போது ஸ்பூல் சுழல்வதில்லை. அது முன்னும் பின்னும் மட்டும் நகர்கிறது. அதைச் சுற்றி ரோட்டர் (ரீலின் சுழலும் தலைப்பகுதி) சுழன்று, பெயில் கம்பியின் ஓரத்திலுள்ள உருளை வழியாக நூலை ஸ்பூலில் இடுகிறது. எறியும்போது நூல் ஸ்பூலின் முன் விளிம்பைத் தாண்டிச் சுருள்சுருளாகக் கழன்று செல்கிறது. மீன் இழுத்து டிராக் விடும்போது மட்டுமே ஸ்பூல் சுழலும். கீழ்வரும் பிழைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு பத்தியிலிருந்தே பிறக்கின்றன.

நூல் முறுக்கேறித் தானாகச் சுருள்கிறது

தடியின் நுனியிலிருந்து ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) நூலை இழுத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கைகளை மெல்ல ஒன்றுக்கொன்று அருகே கொண்டுவாருங்கள். நல்ல நூல் வெறும் தொய்வாகக் கீழே தொங்கும். முறுக்கேறிய நூலோ தொய்ந்த இடத்தில் தன்னைத்தானே பிடித்து, இரண்டு மூன்று சுற்றாகப் பின்னிக்கொண்டு திரும்பி நிற்கும். அதைக் கண்டால், அன்றைக்கு எறிவதை நிறுத்திவிட்டு முறுக்கை எடுப்பதே நல்லது. முறுக்கோடு தொடர்ந்து எறிந்தால் அடுத்ததாக வருவது பெருஞ்சிக்கு.

முறுக்குக்கு முதற்காரணம், டிராக் விட்டுக்கொண்டிருக்கும்போதும் கைபிடியைச் சுற்றுவது. மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, ஸ்பூல் "கிர்ர்" என்று சத்தமிடுகிறது, பிடித்தவர் பதற்றத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறார். அந்த நேரத்தில் நூல் உள்ளே வருவதில்லை. ஆனால் ரோட்டர் சுழலும் ஒவ்வொரு முறையும் நூலில் ஒரு முறுக்கு விழுகிறது. 5.2:1 என்ற விகிதமுள்ள ரீலில் கைபிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் ஐந்து முறைக்கு மேல் சுழலும். அப்படியானால் கைபிடியை வீணே இருபது முறை சுற்றினால் நூறுக்கு மேற்பட்ட முறுக்குகள். ஒரு பெரிய விராலோடு இப்படி ஒருமுறை போராடினாலே புது நூல் கெட்டுவிடும். டிராக் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கைபிடியை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். மீன் நின்றதும் தடியை மெல்ல மேலே உயர்த்தி மீனைக் கிட்டக் கொண்டுவந்து, தடியைத் தாழ்த்தும்போது கிடைக்கும் தொய்வை மட்டும் சுற்ற வேண்டும். மீனை இழுப்பது தடியின் வேலை. ரீல் நூலைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது காரணம், புது நூல் ஏற்றிய விதம். நூல்சுருளைக் கடையில் வாங்கியபடியே பெயர் ஒட்டிய பக்கம் மேலே இருக்கத் தரையில் வைத்து, நூலைத் தடியின் கீழ் வளையத்தினூடாக ரீலுக்குக் கொண்டுவந்து, கைபிடியைப் பதினைந்து இருபது முறை சுற்றியபின் நிறுத்துங்கள். ரீலுக்கும் சுருளுக்கும் இடையிலுள்ள நூலைத் தொய்ய விட்டுப் பாருங்கள். அது முறுக்கிக்கொண்டால் சுருளை மறுபக்கம் புரட்டி வைத்துத் தொடருங்கள். ரோட்டர் இடும் முறுக்கும் சுருளிலிருந்து கழரும் முறுக்கும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பென்சிலைச் சுருளினூடே செலுத்தி ஒருவரைப் பிடிக்கச்சொல்லி, சுருள் உருண்டுகொண்டிருக்க நூலேற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு. தங்கூசி நூலுக்கு (ஒற்றையிழை நைலோன்) ஸ்பின்னிங் ரீலில் அது பொருந்தாது. ரோட்டர் இடும் முறுக்கு அப்படியே நூலில் தங்கிவிடும்.

மூன்றாவது, தண்ணீரில் சுழலும் தகட்டுச் செயற்கை இரைகள். இவற்றுக்கு முன்னால் நல்ல ஸ்விவல் (தானாகச் சுழலும் இணைப்பு) ஒன்று வேண்டும். துருப்பிடித்து இறுகிய ஸ்விவல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

ஏறிய முறுக்கை எடுக்க, நூல் நுனியிலிருந்து இரை, ஈயம், ஸ்விவல் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். வள்ளம் கிடைத்தால் வெறும் நூலை ஐம்பது அறுபது மீற்றர் பின்னால் விட்டுச் சில நிமிடங்கள் மெதுவாகச் சென்றால் தண்ணீரே முறுக்கைப் பிரித்துவிடும். வள்ளம் இல்லாதவர்களுக்கு, குளம் வான் பாயும் காலத்தில் வானுக்குக் கீழே ஓடும் நீர் உதவும். பாதுகாப்பான தூரத்தில் நின்று நூலை ஓட்டத்தோடு விட வேண்டும். கோடையில் அதுவும் இல்லையென்றால் குளக்கட்டின் புல்லோரமாக நூலை நீளத்துக்கு விட்டு இழுத்துக்கொண்டு நடக்கலாம். திரும்பச் சுற்றும்போது ஈரத்துணியால் நூலைப் பிடித்து, இறுக்கம் குறையாமல் சுற்றுங்கள். வெயிலில் நெடுநாள் நின்று, தொட்டால் சொரசொரக்கும் தங்கூசிக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. அதை மாற்ற வேண்டும்.

எறியும்போது நூல் கொத்தாக வெளியே வருகிறது

முதலில் ஸ்பூலைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நூல், முன் விளிம்புக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் எறியும்போது பல சுற்றுகள் ஒருங்கே கழன்றுவிடும். "காசு கொடுத்து வாங்கிய நூல் முழுவதையும் ஏற்றிவிட்டேன்" என்பது பலரும் சொல்லும் விளக்கம். மிஞ்சிய நூலை வெட்டி எறிந்தால் பிழை அங்கேயே தீர்ந்துவிடும். வெட்டிய நூலைக் கரையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அலைகரையில் இரைதேடும் கொக்கின் காலில் சுற்றினால் அது பறக்க முடியாமற் சாகும்.

அளவு சரியாக இருந்தும் சிக்கு விழுந்தால், குறிப்பாகப் பின்னல் நூலில் விழுந்தால், காரணம் தளர்ந்த சுற்றாகவே இருக்கும். அது உருவாகும் வரிசையைக் கவனியுங்கள். இரை தண்ணீரில் விழுந்த பின்னும் காற்று நூலை வளைத்து இன்னும் சில மீற்றர் வெளியே இழுத்துவிடுகிறது. எறிந்தவர் கைபிடியைச் சுற்றிப் பெயில் கம்பியை மூடுகிறார். முதல் சில சுற்றுகள் எந்த இறுக்கமுமின்றி ஸ்பூலில் விழுகின்றன. அவற்றுள் ஒரு சிறு வளையம் எழும்பி நிற்கிறது. அதன்மேல் இறுக்கமான சுற்றுகள் ஏறி அதை மறைக்கின்றன. அடுத்த எறிதலில் மேலுள்ள நூல் ஓடும்போது மறைந்திருந்த வளையத்தையும் சேர்த்து இழுத்துவர, அது தடியின் முதல் வளையத்தில் மாட்டி முடிச்சாகிறது. ஆகவே இன்றைய சிக்கின் காரணம் சற்று முன் எறிந்த எறிதலில் இருக்கிறது. ரீலைக் குறை சொல்வதில் பயனில்லை.

இதைத் தடுக்க மூன்று பழக்கங்கள் வேண்டும். இரை தண்ணீரைத் தொடும் தறுவாயில் சுட்டுவிரலை ஸ்பூலின் விளிம்பில் இலேசாக வைத்து நூலைத் தடுத்துவிட வேண்டும். பெயில் கம்பியைக் கைபிடியால் மூடாமல் மற்றக் கையால் மூட வேண்டும். மூடியவுடன் சுற்றத் தொடங்காமல் தடியைச் சற்று உயர்த்தி, அல்லது உருளைக்கு முன்னாலுள்ள நூலை விரலால் ஒருமுறை இழுத்து, தொய்வை எடுத்துவிட்டுச் சுற்ற வேண்டும். இம்மூன்றும் கைக்கு வந்துவிட்டால் சிக்குகள் பெரும்பாலும் இல்லாமலே போய்விடும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் பின்பற்றாவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள்.

காற்று மிகுந்த மாதங்களில் கூடுதற் கவனம் தேவை. சோளகம் அடிக்கும் நாட்களில் பெரிய குளத்தின் திறந்த கட்டில் நின்று, குறுக்குக் காற்றில் எடை குறைந்த இரையை உயர எறிந்தால் நூல் வில்லாக வளைந்து நிற்கும். தடியைப் பக்கவாட்டில் தாழ வீசி, இரை நீர்மட்டத்துக்கு அருகாகச் செல்லும்படி எறியுங்கள். இரையின் எடையையும் சற்றுக் கூட்டுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடற்கரையில் எறிவோருக்கும் இதுவே பொருந்தும்.

விழுந்துவிட்ட சிக்கை இழுக்கக் கூடாது. டிராக்கைத் தளர்த்தி, சிக்கை நனைத்து, நூலின் இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுவில் எழும்பி நிற்கும் வளையங்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாக அகட்டுங்கள். பெரும்பாலும் அங்கு உண்மையான முடிச்சு இருக்காது. ஒரு வளையத்தினூடே இன்னொரு வளையம் புகுந்திருக்கும். புகுந்த வழியாலேயே அதைத் திரும்பத் தள்ளினால் முழுவதும் அவிழும். இழுத்து இறுக்கிய சிக்குக்குக் கத்தியே வழி.

எறிந்த இரை வழக்கமான தூரம் போவதில்லை

ஸ்பூலில் நூல் குறைந்திருக்கும். ஆழத்திலிருந்து எழும்பி விளிம்பில் உரசிச் செல்வதால் வேகம் குறைகிறது. அறுந்தறுந்து குறைந்த நூலுக்கு மேலே புது நூலை முடிச்சிட்டு நிரப்பலாம். அளவு சரியாக இருந்தால் விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். கல்லில் விழுந்து ஏற்பட்ட சிறு பிசிறு இருந்தால், மிக மென்மையான நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) பிசிறை மட்டும் மழுப்புங்கள். 2500 அளவுள்ள சிறிய ரீலில் கடலுக்கான தடித்த தங்கூசியை ஏற்றியிருந்தால் தூரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நூல் ஸ்பூலின் ஒரு பக்கத்தில் மட்டும் குவிகிறது

டிராக் குமிழைக் கழற்றி ஸ்பூலை வெளியே எடுத்தால், நடுத் தண்டில் ஸ்பூல் அமரும் இடத்தில் மெல்லிய வொஷர்கள் சில இருக்கும். இவைதான் ஸ்பூலின் உயரத்தை நிர்ணயிக்கின்றன. நூல் முன்பக்கம், அதாவது விளிம்புப் பக்கம், குவிந்தால் ஒரு வொஷரைச் சேர்க்க வேண்டும். பின்பக்கம் குவிந்தால் ஒன்றை எடுக்க வேண்டும். வொஷர் சேர்த்தால் ஸ்பூல் முன்னே தள்ளி நிற்கும், அதனால் உருளை இடும் நூல் ஸ்பூலின் பின்பகுதியை நோக்கி நகரும் என்பதை மனதில் வைத்தால் எது எதற்கென்று குழப்பம் வராது. ரீல் வாங்கும்போது பெட்டியில் ஒரு சிறு உறையில் வரும் வளையங்கள் இதற்கானவையே. பலர் அவற்றை என்னவென்று தெரியாமல் வீசிவிடுகிறார்கள்.

டிராக் பூட்டியிருந்தும் மீன் நூலை இழுத்துச் செல்கிறது

டிராக் குமிழை முற்றாக இறுக்கி, நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் அசையாமல் நிற்க, நூற்கட்டு மட்டும் ஸ்பூலைச் சுற்றி வழுக்கினால் அது டிராக்கின் பிழையன்று. பின்னல் நூலை வெறும் உலோக ஸ்பூலில் நேரடியாகக் கட்டியிருக்கிறீர்கள். முதலில் சில மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன் முனையில் பின்னல் நூலைக் கட்டி ஏற்றினால் வழுக்காது. தங்கூசிக்கு ஸ்பூலைப் பற்றிக்கொள்ளும் தன்மை உண்டு. பின்னல் நூலுக்கு இல்லை.

டிராக் சீராக விடாமல் திக்கித்திக்கி விடுகிறது

நூல் அறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஆகவே இதை விரிவாகப் பார்ப்போம்.

டிராக் என்பது ஸ்பூலுக்குள் அல்லது ரீலின் பின்புறத்தில் அடுக்கப்பட்ட சில வொஷர்களின் உராய்வு. குமிழை இறுக்கினால் அவை ஒன்றையொன்று நெருக்கும். நல்ல டிராக், நூல் நகரத் தொடங்கும் கணத்திலும் நகர்ந்துகொண்டிருக்கும் போதும் ஏறத்தாழ ஒரே இழுவையைக் கொடுக்கும். கெட்ட டிராக், தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்று, பின் திடீரென விட்டு, மறுபடி ஒட்டும். தடியின் நுனியைப் பார்த்தாலே தெரியும்: நூலை ஒருவரைக் கொண்டு ஒரே வேகத்தில் இழுப்பித்தால் நல்ல டிராக்கில் நுனி வளைந்தபடி நிலையாக நிற்கும், கெட்டதில் அது தலையாட்டும்.

முதலில், டிராக் சரியான அளவில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நூலின் தாங்குதிறனில் நாலிலொரு பங்கு, கூடினால் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பது பொது விதி. தராசு இல்லாவிட்டாலும் இதை அளக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். ஆறு கிலோ தாங்கும் நூலுக்கு ஒன்றரை லீற்றர் போத்தலை நிரப்பி, தடியின் வளையங்களினூடே செலுத்தாமல், ரீலிலிருந்து நேரே வரும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். போத்தல் தரையிலிருந்து எழுந்து நின்று, பின் டிராக் மெல்ல விட்டு இறங்க வேண்டும். அந்த நிலையில் குமிழை வைத்துக்கொண்டு, மீன் ஓடும்போது அதைத் தொடாதிருங்கள். மீன் தூரம் ஓடி ஸ்பூலில் நூல் குறையக் குறைய, அதே குமிழ் நிலையில் இழுவை தானாகவே கூடும். நூற்கட்டின் விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். பெரிய பாரை நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது பயந்து குமிழை இறுக்குகிறவர்கள், இறுக்கம் ஏற்கனவே ஏறிவிட்ட இடத்தில் மேலும் இறுக்கி நூலை அறுக்கிறார்கள்.

அளவு சரியாக இருந்தும் திக்கினால் வொஷர்களைச் சுத்தம் செய்ய வேண்டும். முன் டிராக் ரீல்களில் குமிழைக் கழற்றினால் ஸ்பூலின் குழிக்குள் ஒரு வளைகம்பி தெரியும். அதன்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு மெல்ல நெம்புங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். வெள்ளைத் துணியொன்றை விரித்து, எடுக்கும் வொஷர்களை எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத் தகடுகளைத் துடைத்து உப்புக்கறையை நீக்குங்கள். கம்பளி போன்ற ஃபெல்ட் வொஷர்கள் காய்ந்து இறுகியிருந்தால் டிராக்குக்கென்று விற்கும் கிறீஸைச் சிறிது தேய்த்து ஊறவிடுங்கள். கறுப்பு நிறக் கார்பன் வொஷருக்கு அதே கிறீஸை மிக மெல்லியதாகப் பூசினாற் போதும். சைக்கிளுக்குப் போடும் கிறீஸ், எஞ்சின் ஒயில், தேங்காய் எண்ணெய் எதுவும் இங்கு வேண்டாம். நசுங்கிக் கண்ணாடிபோல் பளபளக்கும் ஃபெல்ட் வொஷரை மாற்றியே ஆக வேண்டும்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் குமிழை முற்றாகத் தளர்த்தி வையுங்கள். மாதக்கணக்கில் இறுக்கியபடி சுவரில் தொங்கும் ரீலின் வொஷர்கள் நசுங்குவதே இந்தப் பிழையின் வழக்கமான தொடக்கம்.

சிக்கிய இரையை இழுத்தபின் நூல் ஸ்பூலுக்குள் புதைகிறது

நம் குளங்களில் நீருக்குள் நிற்கும் பட்டமரங்களே விராலுக்கு இருப்பிடம்; ஆகவே இரை மரக்கொப்பிற் சிக்குவதைத் தவிர்க்க முடியாது. அப்போது தடியை வளைத்து ரீலால் இழுத்தால் மேற்சுற்றுகள் கீழ்ச்சுற்றுகளுக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும். அடுத்த எறிதலில் நூல் இடைநடுவில் நின்று, இரை அறுந்து பறக்கும். சிக்கிய நூலை ஒரு தடிக்குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, அக்குச்சியைப் பிடித்து நேராக இழுங்கள். பின்னல் நூலை வெறுங்கையில் சுற்றினால் சதை வெட்டுப்படும். ஏற்கனவே நூல் புதைந்திருந்தால், புதைந்த இடம் தாண்டும்வரை நூலைக் கையால் வெளியே இழுத்து, ஈரத்துணிப் பிடியில் இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள்.

இரையை மீட்கத் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு. துருசடியில் தண்ணீர் அமைதியாகத் தெரிவது பாதுகாப்புக்கு அடையாளமன்று. அதுபோலவே, வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட பற்றைக்குள் இரை விழுந்தால் நூலை வெட்டிவிட்டு வாருங்கள். எந்தச் செயற்கை இரையும் ஒரு காலுக்கு ஈடாகாது.

கைபிடி பின்னோக்கிச் சுழல்கிறது

ரீலின் கீழோ பின்னோ ஒரு சிறு நெம்புகோல் இருந்தால் அது மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பையிலிருந்து எடுக்கும்போது தட்டுப்பட்டு மாறிவிடுவது வழக்கம். சில புது ரீல்களில் இந்த நெம்புகோலே இல்லை. அது சரியாக இருந்தும், கொக்கியைக் குத்தும்போது கைபிடி ஒரு கணம் பின்னே வழுக்கிப் பின்பு பிடித்தால், ரோட்டருக்குக் கீழுள்ள ஒருவழிப் பேரிங்கில் கிறீஸ் புகுந்திருக்கிறது. அதனுள் இருக்கும் சிறு உருளைகள் ஆப்புப்போல் இறுகியே பின்சுழற்சியைத் தடுக்கின்றன; தடித்த கிறீஸ் அவற்றை இறுகவிடாமல் மிதக்க வைக்கிறது. அதாவது, அக்கறையோடு நிறையக் கிறீஸ் பூசியவர்களின் ரீலிலேயே இந்தப் பிழை அதிகம் வருகிறது.

ஸ்பூலை எடுத்து, ரோட்டரைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றுங்கள். சில ரீல்களில் இந்த நட் மறுதிசையிற் கழரும் புரி கொண்டது. ஒரு பக்கம் அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் முயலுங்கள். ரோட்டரை உயர்த்தினால் அந்தப் பேரிங் தெரியும். ஐசோபுரப்பைல் அற்ககோலில் நனைத்த துணியாலும் தூரிகையாலும் கிறீஸைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தையல் இயந்திர ஒயில் போன்ற மெல்லிய ஒயிலில் ஒரு துளி மட்டும் விடுங்கள். பேரிங்கைப் பிரிக்க வேண்டாம். அதனுள் இருக்கும் உருளைகளையும் மெல்லிய ஸ்பிரிங்குகளையும் திரும்ப அடுக்குவது பழகிய கைக்கே கடினம்.

பெயில் கம்பி எறியும்போது மூடிவிடுகிறது, அல்லது மூட மறுக்கிறது

எறியும் நடுவில் மூடிக்கொண்டால் இரை அறுந்து போகும். கைபிடியின் பாரம் வீசும் வேகத்தில் ரோட்டரைச் சுழற்றிவிடுவதே அடிக்கடி காணப்படும் காரணம். எறியுமுன், உருளை உங்கள் சுட்டுவிரலுக்கு நேரே மேலே நிற்கும்படி ரோட்டரைத் திருப்பி வைத்து, அதன்பின் கம்பியைத் திறந்து எறிந்து பாருங்கள். அப்படியும் மூடினால், கம்பி திறந்திருக்கும் நிலையில் "கிளிக்" என்று உறுதியாக நிற்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். தொளதொளவென்றிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

மூட மறுத்தால் அதன் இரு மூட்டுகளிலும் மணலும் உப்பும் இறுகியிருக்கும். இளஞ்சூட்டு நீரை ஊற்றி, பழைய பற்றூரிகையால் தேய்த்து, காய்ந்தபின் ஒரு துளி ஒயில் விடுங்கள். கம்பி வளைந்திருந்தால் மோட்டார் சைக்கிளில் எங்கோ நசிந்திருக்கிறது. சிறிய வளைவைக் கையாலேயே நிமிர்த்தலாம்.

நூல் எப்போதும் ஒரே இடத்திற் சொரசொரத்து அறுகிறது

உருளையின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளியிட்டு, நூலை இறுக்கிப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். புள்ளி நகர வேண்டும். நகராவிட்டால், உருளை நின்றுவிட்டது. நூல் அதன்மேல் அறுவாளிற்போல உரசிச் செல்கிறது. உவர்நீருக்குப் போகும் ரீலில் முதலில் இறுகுவது இந்த உருளைதான். ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, உப்பைக் கழுவி, ஒயில் விட்டுப் பூட்டினால் சுழலும். பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். உருளை நன்றாக இருந்தால் தடியின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சைத் தேய்த்து இழுங்கள். வெடித்த பீங்கான் வளையம் பஞ்சைப் பிடித்துக்கொடுத்துவிடும்.

சுற்றும்போது கரகரக்கிறது

மணலில் விழுந்த ரீலாக இருந்தால், முதல் விதி: கைபிடியைச் சுற்றிப் பார்க்காதீர்கள். "ஓடுதா" என்று சுற்றிப் பார்க்கும் அந்த இரண்டு சுற்றுகளே மணலைப் பல்சக்கரங்களுக்குள் கொண்டுசெல்கின்றன. முதலில் நன்னீரால் மென்மையாகக் கழுவி, ஸ்பூலை எடுத்து, அதன் கீழுள்ள தண்டையும் துடைத்தபின்பே மெதுவாகச் சுற்ற வேண்டும். கடற்கரையில் எறிகிறவர்கள் ஒரு பி.வி.சி. குழாயைக் கூராக வெட்டி மணலில் நாட்டித் தடியை அதில் நிறுத்தினால் இந்தத் தொல்லையே வராது.

மணல் படாமலே கரகரத்தால், ஸ்பூலையும் ரோட்டரையும் கழற்றிவிட்டுக் கைபிடியை மட்டும் சுற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குறை வெளியில் இருக்கிறது. தொடர்ந்தால் மட்டுமே உடல்மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே கறுத்த பழைய கிறீஸைத் துடைத்தெடுத்து, பற்களை வெளிச்சத்திற் பாருங்கள். பற்கள் முழுமையாக இருந்தால் புதுக் கிறீஸை மெல்லியதாகப் பூசி, பேரிங்குகளுக்கு ஒயில் விட்டு மூடலாம். பல் தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் கிறீஸ் சத்தத்தைச் சில நாட்களுக்கு மறைக்கும்; குணமாக்காது.

உவர்நீரில் முழுதாக மூழ்கிய ரீலை அன்றே நன்னீரில் கழுவி, சில நாட்களுக்குள் திறந்து துடைத்துவிட வேண்டும். உப்பு உள்ளே காய்ந்தால் பேரிங்குகள் ஒவ்வொன்றாகப் போகும். வழக்கமான கழுவலுக்கோ, டிராக் குமிழை இறுக்கி, ஒரு கோப்பை நீரை மேலிருந்து மெல்ல ஊற்றி, உதறித் துடைத்தாற் போதும். வாளிக்குள் அமிழ்த்துவதும், வாகனம் கழுவும் குழாயின் வேகத்தில் பீச்சுவதும் உப்பை உள்ளே தள்ளும். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. துடைக்காமல் காயவிட்டால் உருளையிலும் மூட்டுகளிலும் வெண்படிவம் பிடிக்கும். துடைத்தபின் குமிழைத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள்.